தகவல் அளித்தவர்: நான்

மார்ச் 10, திங்கள்

காலையிலேயே வெயில். ஊராட்சி ஆபீசில் கரண்ட் இல்லை. வாங்க: தக்காளி, பேனா, வீட்டுக்காரருக்குக் கட்டுத்துணி. இவர் உப்பளத்தில் இறங்கி ஒரு மாசம்தான், அதற்குள் குதிகாலில் உப்புப்புண்.

மதியம் திண்டிவனத்திலிருந்து அதிகாரி. ஊரின் செடி, கொடி, கைமருந்தையெல்லாம் குறித்துவைக்கும் ஊர்ப் பல்லுயிர் பதிவேட்டில் உப்புப்புண் ஆற்றும் இலையைப் பற்றி நான் எழுதிய பக்கத்தை ஒரு மருந்து கம்பெனி கேட்கிறதாம். அதற்கு ஊர்ப் பல்லுயிர்க் கமிட்டி சம்மதிக்க வேண்டுமாம். "தகவல் அளித்தவர் நீங்கதானம்மா? உங்களத்தான் கூப்புடுவாங்க." டீ வாங்கித் தந்தார். குடித்தேன். வெட்கங்கெட்டவள்.

மார்ச் 11, செவ்வாய்

காற்று. துணியெல்லாம் பிசுபிசுப்பு.

இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன். அந்த மருந்து இருளர் தெருவுடையது. கல்யாணத்துக்கு முன் அந்தத் தெருக் கன்னியம்மா அக்காவும் நானும் உப்பளத்தில் ஒரே பாத்தியில் வேலை. என் கால் அழுகியபோது என் எதிரிலேயே அரைத்துப் போட்டார். மருந்து போட்டுக்கொள்பவர் அரைப்பதைப் பார்க்கலாம், வெளியே சொல்லக் கூடாது. அவர்கள் தெரு வழக்கம்.

போன வருஷம் பதிவேட்டுக்காகப் போய்க் கேட்டேன். தெரு கூடிப் பேசாமல் தான் மட்டும் சொல்ல முடியாது என்றார். எனக்கோ மாசக் கடைசி கெடு. பார்த்ததை எழுதிவிட்டேன். எந்த வரப்பு, எந்த இலை, எதோடு அரைப்பது, எத்தனை நாள். அவர் பேரைப் போட்டால் மாட்டிக்கொள்வேன். என் பேரைப் போட்டேன்.

பயம் மட்டுமா? கூட்டத்தில் அந்தப் பக்கத்துக்குக் கைதட்டினார்கள். பிடித்திருந்தது.

மார்ச் 13, வியாழன்

அதிகாரிக்குப் போன். பேரை மாற்றலாம், மனு கொடுத்தால் போதும். பக்கத்தை எடுக்க முடியாது, காப்பி மேலே போய்விட்டது.

மாலை இருளர் தெரு. நின்றபடியே எல்லாம் சொன்னேன். உங்கள் பேருக்கு மாற்றிவிடுகிறேன் என்றேன். அக்கா விறகு பிளப்பதை நிறுத்தவில்லை.

"எம் பேரு எதுக்கு? எலைய திரும்ப எடுக்க முடியுமா?"

முடியாது என்றேன்.

"அப்ப தெருவுல நாந்தான் சொல்லிக் குடுத்தேன்னு நெனப்பாங்க. ஞாயித்துக்கெழம நீயே வந்து சொல்லு."

வீட்டில் சோறு இறங்கவில்லை. இவரிடம் வயிற்றுவலி என்று பொய். என் பொய்க் கணக்கில் அதுவும் ஒன்று.

மார்ச் 16, ஞாயிறு

புழுக்கம். தெருவில் எல்லார் முன்னாலும் சொன்னேன். யாரும் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். கம்பெனிக்குத் தரக் கூடாது என்று மனு எழுதச் சொன்னார்கள். எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். என்னை நம்பி ஒரு தடவையோடு விடவில்லை. சரிதான். பிறகு கையெழுத்து, கைநாட்டு.

மார்ச் 17, திங்கள்

மேகம். மனுவை ஆபீசில் கொடுத்தாயிற்று. கமிட்டி என்ன செய்யுமோ.

இவர் கால் வீங்கிவிட்டது. வேறு வழியில்லை, அக்காவிடமே கூட்டிப்போனேன். அக்கா உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். காலைத் திருப்பிப் பார்த்தார்.

"இருங்க, அரச்சிக்கினு வர்றேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மிச் சத்தம் மட்டும் கேட்டது.