எங்கே வலிக்குது என்று கேட்ட சின்னம்மாவுக்கு

சின்னம்மா,

நேற்று மத்தியானம் ஒரு புத்தகத்தைப் பாதியில் கவிழ்த்து வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். மகள் ரயிலில் படித்துக்கொண்டே வந்து மேசைமேல் போட்டுவிட்டுப் போன புத்தகம். மலையோரத்து ஊர் ஒன்றில் பிறந்த ஒரு பெண், சின்ன வயதில் தன் அப்பாவிடம் பட்டதையெல்லாம் எழுதியிருக்கிறாள். மாடியில் கிழக்கிலிருந்து காற்று வந்தது. உப்பும் சேறும் கலந்த வாசனை. இத்தனை வருடம் மீஞ்சூரில் இருந்தும் அந்தக் காற்று வந்தால் எனக்குக் கால் கூசும், ஏரிச் சேற்றில் நிற்பதுபோல.

அடி விழும்போது உத்தரத்தில் ஊரும் பல்லியையே பார்த்துக்கொண்டிருப்பாளாம் அந்தப் பெண். பார்க்கப் பார்க்க உடம்பு வேறு யாருடையதோ ஆகிவிடுமாம். அந்த வரியில்தான் புத்தகத்தை மூடினேன். இது எனக்கு மட்டும் நடந்தது என்று நினைத்திருந்தேன், சின்னம்மா. அவளுக்குப் பல்லி, எனக்குப் பறவைகள்.

நம் குப்பம் உனக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, நடுவில் மணல்மேடு, அதில் ஒரு வரிசை ஓலை வீடுகள். நம் வீட்டுச் சுவரில் ஓலை விலகிய இடத்தில் ஏரி தெரியும். பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். தூரத்தில் தண்ணீரே இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடப்பதுபோல இருக்கும். நைனா கயிற்றைக் கையில் எடுத்ததும் நான் அந்த இடைவெளி வழியாகக் கிளம்பிவிடுவேன். ஆழமில்லாத தண்ணீரில் நடந்து நடந்து பறவைகளுக்கு நடுவில் போய் நிற்பேன். அங்கே சத்தம் வராது. திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நைனா வெளியே போயிருப்பார். முதுகு மட்டும் எரியும்.

என்னைப் பெற்றவள் காய்ச்சலில் போன பிறகு ஆரம்பித்தது அது. நைனா ஊருக்கு நல்ல மனிதர். யார் படகு மணலில் சிக்கினாலும் முதலில் தோள் கொடுப்பவர் அவர்தான். மற்ற வீட்டுக் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் வந்தால்தான் முகம் மாறும். சோறு குழைந்தால் அடி. தண்ணீர்க் குடம் காலியாக இருந்தால் அடி. என் முகம் அம்மா முகம்போல இருக்கிறது என்றும் அடித்திருக்கிறார். வரிசை முழுக்கக் கேட்கும். ஆனால் யாரும் எழுந்து வரமாட்டார்கள். பெற்றவன் அடிக்கிறான் என்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த வீட்டுக்கு நீ வந்தாய். ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து, மஞ்சள் கயிற்றின் ஈரம் காயாமல், பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசிக்கொண்டு. நீ வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். "மாத்தாந்தாய் வரா. இனிமே உனுக்கு ரெண்டு பக்கமும் அடிதான்" என்றார்கள். அதனால் நீ என் பக்கம் கையை நீட்டியபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன். நீயும் இரண்டொரு நாளில் கையை நீட்டுவதை விட்டுவிட்டாய். தூரத்தில் இருந்தே கூப்பிட்டாய், "இங்க வா தல்லி" என்று. தெலுங்கில் தல்லி என்றால் தாய் என்று எனக்கு அப்போது தெரியாது.

நீ பார்க்க முதல் அடி விழுந்த அன்று நீ ஒன்றும் செய்யவில்லை. அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாய். மறுநாள் காலையில் நைனா கடலுக்குப் போனதும் தேங்காயெண்ணெயைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாய்.

"எங்க வலிக்குது?"

அதுவரைக்கும் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. 

"வலிக்கல" என்றேன்.

"வலிக்கலைனு சொல்ல உனுக்கு யாரு கத்துக் குடுத்தாங்க?"

எனக்கு அழுகை வந்தது. நான் அழுது முடியும் வரை நீ எண்ணெயைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு நீ நைனாவிடம் பேசிப் பார்த்தாய். நல்ல வார்த்தையில் சொன்னாய். சண்டை போட்டாய். உனக்கும் அடி விழுந்தது. ஒரு சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள், வலைப் பிரச்சினை ஏதோ பேச. பெண்கள் போகாத இடம் அது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக அங்கே போய் நின்றாய். நைனாவும் கூட்டத்தில் இருந்தார்.

நீ சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர், "புள்ளைய இப்பிடித் திருப்பும்மா. முதுகப் பாக்கலாம்" என்றார்.

நீ என்னை உன் புடவைக்குள் இழுத்துக்கொண்டாய். "பொண்ணு முதுவக் காட்ட மாட்டா. நான் சொல்றன் இல்ல, கேளுங்க."

"பெத்தவன் அடிக்கிறான். நேத்து வந்தவ நீ. நீ யாரு அதுக்கு?"

"நான் யாரும் இல்ல. அதான் பயமில்லாம சொல்றன். உங்க எல்லார் காதுலயும் தெனமும் வுழுதே, நீங்க யாரு அதுக்கு?"

  உன் புடவைக்குள் புளியும் புகையும் மணத்தன. முகத்தை அதில் புதைத்துக்கொண்டு, இப்படியே இருட்டிவிட வேண்டும், யாரும் நம்மைப் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கடைசியில், குடும்பச் சண்டையை வீட்டுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நைனா நமக்கு முன்னால் தலை குனிந்து நடந்து வீட்டுக்குப் போனார். சில நாள் கையை ஓங்கவில்லை. அந்த நாட்களில் நான் பறவைகளிடம் போகவில்லை. சும்மா தூரத்திலிருந்து பார்த்தேன்.

பிறகு ஒரு நாள் துடுப்பால் அடித்தார். மறைக்கத் தூக்கிய என் இடது கை முறிந்துவிட்டது.

அந்தக் காலையை நான் பலமுறை கனவில் கண்டிருக்கிறேன். அதனால் எது நடந்தது, எது கனவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏரி முழுக்க வெள்ளைப் பனி. படகு எதன்மேல் போகிறது என்றே தெரியவில்லை. என் கையை உன் புடவைக் கிழிசலால் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தாய். சந்தைக்கு மீன் கொண்டுபோகும் பெண்கள் நம்மைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். படகுக்காரர் மட்டும் கழியை ஊன்றிக்கொண்டே கேட்டார், "இன்னாம்மா, புருசனுக்குச் சொல்லிட்டு வந்தியா?"

"ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாய்.

"எப்ப திரும்புவீங்க?"

நீ என் கைக்கட்டை இழுத்துச் சரிசெய்தாய். பனிக்குள்ளிருந்து பழவேற்காடு மெல்ல மெல்ல வந்தது, முதலில் ஒரு பள்ளிவாசல், பிறகு மரங்கள், பிறகு மனிதர்கள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், எப்படி ஆச்சு என்று கேட்டார். "வுழுந்துட்டேன்" என்றேன், பழக்கத்தில்.

"வுழல. அவ நைனா துடுப்பால அடிச்சான்" என்றாய் நீ.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நடந்ததை நடந்தபடியே ஒருவர் சொல்லி இன்னொருவர் நம்பியதை அன்றுதான் பார்த்தேன். ஏதோ ஒரு பாரம் இறங்கி என் தலை லேசானது. கட்டுப் போட்டு முடித்த நர்ஸ், "உங்கம்மா எங்க?" என்று கேட்டாள். நான் நல்ல கையால் உன்னைக் காட்டினேன். நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

நாம் குப்பத்துக்குத் திரும்பவே இல்லை. பழவேற்காட்டில், உன்னிடம் முன்பு மீன் வாங்கிய ரமீஜா அக்கா வீட்டுப் பின்கட்டில் சில மாதம் இருந்தோம். ஏன் வந்தீர்கள் என்று அந்த அக்கா ஒரு நாளும் கேட்டதில்லை. "சாப்டியாமா?" என்று மட்டும் கேட்பார். பிறகு பொன்னேரியில் ஒரு சின்ன வீடு. நீ கூடையில் கருவாடு விற்றாய், நான் பள்ளிக்கூடம் போனேன். உன் பிறந்த வீட்டில், பெறாத பிள்ளைக்காகப் புருசனை விட்டுவிட்டு வந்தவள் என்று உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதை நீ என்னிடம் சொன்னதே இல்லை. உன் அண்ணன் சொல்லித்தான் பின்னால் தெரிந்தது.

நானும் உன்னோடு இருந்த ஒரு நாள் நைனா சந்தைக்கு வந்தார். சலவை வேட்டி கட்டிக்கொண்டு, இளைத்துப்போய் வந்தார். உன் கூடைக்கு எதிரில் நின்று, "வா, போலாம். புள்ளையயும் கூட்டிக்கினு வா" என்றார்.

நீ ஈ ஓட்டிக்கொண்டே சொன்னாய், "அவளக் கேளு."

நைனா என் பக்கம் திரும்பினார். என்னை ஒரு விஷயம் கேட்க வேண்டிய நிலைமை அவருக்கு அதற்கு முன் வந்ததில்லை.  பூநாரைகளைத் தேடினேன். சந்தையில் பறவைகள் ஏது? அங்கேயே நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் வரல, நைனா."

அவர் என் கையைப் பார்த்தார், அது சற்று வளைந்துதான் சேர்ந்திருந்தது. பிறகு பஸ் நிற்கும் பக்கம் நடந்து போய்விட்டார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் முடித்த வருடம் அவர் செத்துப்போன செய்தி வந்தது. நீ அழுதாய். எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்காகவா அழுகிறாய் என்று கத்தினேன்.

"அவன் மேல எனுக்கும் ஆசை இருந்துச்சு தல்லி. அதுவும் நெசம், இதுவும் நெசம்" என்றாய். "நீ வர வேணாம். நான் போய்ட்டு வந்துர்றன்." தனியாகத்தான் போய் வந்தாய்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. கட்டியவருக்கு அரைகுறையாகத் தெரியும். கையைப் பற்றி மகள் கேட்டபோது, படகிலிருந்து விழுந்தேன் என்று சொல்லிவைத்திருந்தேன். நீதான் என்னைப் பெற்றவள் என்று அவள் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். நீ இருந்தவரை அது பொய் என்று எனக்கும் தோன்றியதில்லை.

நேற்று சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்ததும், கவிழ்ந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, படிக்க முடியலையா?" என்று கேட்டாள். உட்காரச் சொன்னேன். சொன்னேன். கயிறு, துடுப்பு, கோயில் வாசல், பனி, படகு எல்லாம். நடுவில் தெரு விளக்கு எரிந்தது, நாங்கள் எழுந்து வீட்டு விளக்கைப் போடவில்லை. அவள் என் வளைந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். 

பிறகு கேட்டாள். "இந்தப் புத்தகத்துல கடைசியில அந்தம்மா அவங்க அப்பாவ மன்னிச்சிடறாங்கம்மா. நீ மன்னிச்சிட்டியா?"

நான் யோசித்தேன். புத்தகத்துப் பெண் மன்னித்தது அவளுக்குச் சரியாக இருக்கலாம். நான் உள்ளே போய்ப் பார்த்தேன், சின்னம்மா. அங்கே கோபம் அப்படியே இருந்தது. வயதாகி, சிறுத்து, ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. ரமீஜா அக்கா வீட்டுப் பின்கட்டில் ஒரு நாள் நான் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நைனா சாக வேண்டும் என்று சொன்னேன். நீ என்னைத் திட்டவில்லை, அப்படிச் சொல்லக் கூடாது என்று சொல்லவும் இல்லை. தட்டை மறுபடி என் பக்கம் நகர்த்தினாய்.

"கோவம் இருக்கட்டும். அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுகூடவே சோறும் சாப்டு" என்றாய்.

அதைத்தான் மகளிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் விளக்கைப் போட்டாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். மழை பிடித்துக்கொண்டது. சாப்பிட்டோம்.

கோபம் இருக்கிறது, சின்னம்மா. நான் சாப்பிட்டுவிட்டேன்.