மும்தாஜுக்கு ஒரு தொட்டில்

நவம்பர் 5, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். தீபாவளிப் புகை இன்னும் நான் இருக்கும் சுனாபட்டி மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆபீஸில் லீவு கேட்டேன். மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் கொடுத்தார்.

வாங்க வேண்டியவை: தலைவலி மாத்திரை, சால்வை, புளியோதரைக்கு நல்லெண்ணெய், அக்காவுக்கு இரும்புச்சத்து மாத்திரை (அவளாக வாங்க மாட்டாள்).

ஆக்ரா போவது அத்தானின் யோசனை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், பள்ளிக்கு விடுமுறை என்றால்தான் அவருக்கும். கல்யாணத்தன்று ஸ்டுடியோவில் தாஜ்மகால் வரைந்த திரைக்கு முன்னால் இருவரும் நின்று எடுத்த படம் தாராவி வீட்டில் டிவிக்கு மேல் மாட்டியிருக்கிறது. "சீலைக்கு முன்னால நிக்க வெச்சே உங்க அக்காள ஏமாத்திட்டேன். ஒரு தடவை நெசத்தக் காட்டிருதேன்." பெண் பிள்ளைகள் இருவரும் எங்கள் அம்மாவிடம். நான் வந்தால்தான் வருவேன் என்று அக்காவின் பிடிவாதம்.

மாலை தாராவி போனேன். அக்காவின் மாமியார் ஒரு சிறிய மரத்தொட்டிலை எடுத்து வைத்திருந்தார். உள்ளங்கை அளவு. மஞ்சள் துணி சுற்றியது. ஊரில் கோயில் மரத்தில் கட்டுவோமே, பிள்ளை வரம் கேட்டு, அந்தத் தொட்டில்.

"அந்த ராணி சமாதில கட்டிட்டு வா சந்திரா. டிவில சொன்னான், பதினாலு பெத்தவளாம். பதினாலு பெத்த மகராசி நமக்கு ஒரு ஆம்பளப் புள்ள தர மாட்டாளா?" என்று அக்காவைக் கேட்டார்.

"அத்தை, அது கோயில் இல்ல," என்றேன்.

"தர்காவுல நான் கயிறு கட்டலையா? சமாதின்னா சமாதிதான்."

அத்தான் சிரித்தார். அக்கா தொட்டிலை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நவம்பர் 6, புதன்

மூட்டை கட்டும் வேலை. மனம் அதில் இல்லை.

ஆடி மாதம், கொட்டும் மழையில், டாக்டரிடம் அக்காவோடு போனது நான்தான். சின்னவள் பிறந்தபோது நிற்காத இரத்தப்போக்கு. இன்னொரு தடவை வந்தால் நிறுத்த முடியும் என்று சொல்ல முடியாது, மூன்றாவதை நினைக்கவே கூடாது என்றார் டாக்டரம்மா. இந்தியில் ஒருமுறை, மராத்தியில் ஒருமுறை. புரியவில்லையோ என்று.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அக்கா என் கையைப் பிடித்தாள். "அவுகட்ட சொல்லாதட்டி. சத்தியம் பண்ணு."

"ஏன்க்கா?"

"சொன்னா சரின்னுருவாக. சாகுற வரைக்கும் மனசுக்குள்ள ஒரு பையன வெச்சுட்டுத் திரிவாக. எனக்கு அது தெரியும். அதுக்கு நான் பெத்துட்டே போயிருதேன்."

சத்தியம் செய்தேன்.

அத்தான் மோசமானவராக இருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடிக்கிறவர். தன் அம்மா பார்க்கப் பார்க்கவே பாத்திரம் தேய்க்கிறவர். சம்பளநாளில் அக்காவுக்கு மட்டும் மல்லிகைப்பூ. அவர் ஆசைப்படுவது ஒன்றே ஒன்று. அக்கா மறுக்க மாட்டாததும் அது ஒன்றுதான்.

மும்தாஜ் பற்றி நான் படித்தது அக்காவுக்குத் தெரியாது. பதினாலு பெற்றாள். பாதிதான் பிழைத்தன. பதினாலாவது பிரசவத்தில் புர்ஹான்பூரில் இறந்தாள். போர்ப் பயணத்திலும் அவளை விட்டுப் பிரியாத அரசன். காதல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் மறுக்கவில்லை.

அக்காவிடம் எப்படிச் சொல்வது. சொல்ல வேண்டுமா.

நவம்பர் 7, வியாழன்

ரயில். மேல் பெர்த். புளியோதரையில் உப்பு கம்மி. கீழே அத்தான் அக்காவின் காலைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு தூங்குகிறார், உட்கார்ந்தபடி.

நவம்பர் 8, வெள்ளி

ஆக்ராவில் புகைமூட்டம். தொண்டை கரகரப்பு. வெள்ளிக்கிழமை தாஜ் மூடியிருக்குமாம். ஆட்டோக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"படிச்ச புள்ளையக் கூட்டிட்டு வந்தா எல்லாம் சரியா இருக்கும்னு நெனச்சேன்," என்றார் அத்தான்.

"பஸ் டிரைவர் டைம் பாக்க மாட்டீகளோ?" என்றாள் அக்கா. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் கிண்டல்.

ஆட்டோக்காரர் கமிஷனுக்காக ஒரு சலவைக்கல் கடைக்குக் கூட்டிப்போனார். பின்கட்டில் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து வேலை. ஒருவர் ஒரு கையால் சாணைச் சக்கரத்தை ஓட்டி, மறு கையால் நகத்தில் பாதியளவு சிவப்புக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு பூவின் இதழாம், தாஜின் கல்லில் பதித்திருப்பது போல. அடுத்தவர் வெள்ளைக் கல்லின் மேல் செங்காவிச் சாயம் பூசி, அந்த இதழை வைத்து, ஊசியால் அதன் ஓரத்தைக் கீறினார். பிறகு சிற்றுளி. இதழின் வடிவத்திலேயே ஒரு குழி. அதற்குள் பசை, அதற்குள் இதழ். விரலால் தடவிப் பார்த்தேன். இணைப்பு தெரியவில்லை.

"தப்பா வெட்டிட்டா?" அத்தான் இந்தியில் கேட்டார்.

"கல் பெரிதானால் தேய்க்கலாம், பாய்சாப். குழி பெரிதானால் ஒன்றும் செய்ய முடியாது." அவர் அதைச் சொல்லிவிட்டு டீக்குக் குரல் கொடுத்தார்.

காதலுக்குக் கட்டினது என்றால் பூ வைத்ததாக நினைக்கிறோம். முதலில் செய்வது குழி தோண்டுவது. ஒவ்வொரு இலைக்கும். இதை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாரிடமும் சொன்னால் படம் காட்டுவது போல ஆகிவிடும்.

மாலை ஆற்றுக்கு அந்தக் கரைத் தோட்டம். அங்கிருந்து தெரிந்த தாஜ் புகைக்குள் வெள்ளையாகக்கூட இல்லை, சாம்பல் நிறம். அத்தான் டீ வாங்கப் போனதும் அக்கா கேட்டாள், "பதினாலு புள்ள பெத்தவ உடம்பு எப்படி இருந்திருக்கும்?"

சொல்லியிருக்கலாம். அத்தான் மூன்று கப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

நவம்பர் 9, சனி

குளிர். விடிந்ததும் வரிசை. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று.

பெண்கள் வரிசையில் திரை மறைப்புக்குள் ஒரு பெண் காவலர் சோதனை. அக்காவின் பையில் கை விட்டுத் தொட்டிலை எடுத்தார்.

"யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டார்.

"மன்னத்," என்றாள் அக்கா. வேண்டுதல். "ராணிக்கு."

காவலர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கடுமையான முகம்தான். ஆனால் குரலைத் தணித்துக்கொண்டார். அவர் இந்தியில் சொன்னது இது: "பிள்ளை கேட்டு இவளிடம் வந்தாயா? பெண்ணே, இவளே பிரசவத்தில் போனவள். அதற்குத்தானே இத்தனை பெரிய கல்." தொட்டிலைத் திருப்பிப் பைக்குள்ளேயே போட்டார். "உள்ளே எதிலும் கட்டாதே. போ."

திரைக்கு வெளியே வந்ததும் அக்கா கேட்டாள், "நெசமாட்டி?"

"ஆமாக்கா."

"உனக்கு முன்னமே தெரியும்."

"ஆமா."

அவள் பையை இழுத்து மூடினாள். அத்தான் அந்தப் பக்க வரிசையிலிருந்து வந்தார், சீப்பால் தலை வாரிக்கொண்டு, போட்டோவுக்கு.

வாசல் வளைவுக்குள் அது திடீரென்று முழுதாகத் தெரிகிறது. இத்தனை படத்தில் பார்த்தும் நான் நின்றுவிட்டேன். அத்தான் கைகூப்பினார், தன்னை அறியாமல். அழகு. அதைக் குறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே இருட்டு, செருப்புக்கு மேல் துணியுறை போட்ட கால்களின் உரசல், யாரோ கொடுத்த குரல் கூரையில் போய் நெடுநேரம் சுற்றுகிறது. நடுவில் அவள். அவளைச் சுற்றிச் சல்லடை போல் குடைந்த கல்தட்டி. ஒரு வழிகாட்டி டார்ச்சை ஒரு பூவின் மேல் வைத்தார். சிவப்புக் கல் உள்ளிருந்து எரிவது போல. நேற்று பார்த்த குழி நினைவுக்கு வந்தது.

"அந்தாளு ஓரமாப் படுத்துக் கெடக்கான்," என்றார் அத்தான் மெல்ல.

உண்மை. எல்லாம் இரண்டு பக்கமும் சமம், ராஜாவின் கல்லறை மட்டும் பிற்பாடு பக்கத்தில் நெருக்கிச் சேர்த்தது.

"எடம் அவளுக்குத்தான பாத்தாக," என்றாள் அக்கா.

வெளியே, ஆற்றுப் பக்கத் திண்டில் உட்கார்ந்தோம். கல் சில்லென்று. அத்தான் குரலைத் தாழ்த்தினார். "கட்டிட்டியா?"

"இல்ல."

"கார்டு விடலையா?"

"பதினாலாவது பேறுகாலத்துல செத்துட்டாளாம்."

"யாரு?"

"உள்ள கெடக்காள்ல, அவதான்."

அத்தான் சிரிக்கப் பார்த்தார். "அம்மாட்ட டிவிக்காரன் பாதிதான் சொல்லிருக்கான்."

"எனக்கும் அதுதாங்க நடக்கும். டாக்டரு சொல்லிட்டாக. இன்னொண்ணு ஆகாதுன்னு."

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பக்கத்தில் ஒரு குடும்பம் கூட்டமாக செல்ஃபி எடுத்தது.

"எப்ப சொன்னாக?"

"ஆடியில."

"ஆடியில." அத்தான் என்னைப் பார்த்தார். "கொழுந்தியா, உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"ரெண்டு பேரும் சேந்து என்னய என்னன்னு நெனச்சீக?" கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "நான் அந்த ராசாவா? செத்த பொறவு கட்டுறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு?"

அக்கா அழுதாள். அவர் தேற்றவில்லை. அவள் தோளிலிருந்து கைப்பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பொழுது சாயும்வரை அந்தச் சிவப்புக் கைப்பை அவர் தோளில்தான். ஒரு பையன் பார்த்துச் சிரித்தான். அவர் கவனிக்கவில்லை.

போட்டோ எடுக்கவே இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

திரும்பும் ரயில். பகல் முழுக்கப் பருத்திக்காடு. அத்தான் சாப்பாட்டைப் பிரித்து அக்காவுக்கு முதலில் வைத்தார், அவ்வளவுதான். நான் கையில் புத்தகத்தோடு ஒரே பக்கத்தில்.

விளக்கு போட்ட பிறகு புர்ஹான்பூர். சாதாரண பிளாட்பாரம், சமோசாக்காரர், தூங்கும் நாய். "இந்த ஊர்லதான்," என்றேன். "மொதல்ல இங்க ஆத்தங்கரையில புதைச்சு, பிறகுதான் ஆக்ரா கொண்டுபோனாக."

அத்தான் இறங்கித் தண்ணீர் பிடித்தார். பாட்டில் நிரம்பி வழிந்தும் நின்றார். விசில் சத்தத்துக்குத்தான் ஏறினார்.

அக்கா ஜன்னலிலேயே இருந்தாள். "ஏட்டி, அப்பா ஊர்ல பஸ் ஸ்டாப் பக்கத்துல சுமைதாங்கிக் கல்லு இருக்கும்லா? புள்ளத்தாச்சியாச் செத்தவளுக்கு வைக்கது."

"ஆமா. வழியில போறவுக தலைச்சுமைய அதுல எறக்கி வைப்பாக. செத்தவ சுமை கொறையும்னு."

"இவளுக்கும் அதத்தான் வெச்சிருக்கான். ரொம்பப் பெரிசா." பிறகு, "யாரும் எதையும் எறக்கி வைக்க முடியாத மாதிரி."

அத்தான் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாட்டில் மூடியைத் திருகியபடி, "நீ எறக்கி வெச்சுட்டல்லா," என்றார். நேற்றைக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

நவம்பர் 11, திங்கள்

வந்து சேர்ந்தோம். தாதர் ஸ்டேஷனில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். ஆபீஸ் போகவில்லை.

தாராவிச் சந்து முனையிலேயே மாமியார். "கட்டுனியா தாயி?"

அத்தான் பையைத் திறந்து தொட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தார். "அந்த ராணி பேறுகாலத்துல செத்தவம்மா."

"ஐயோ. எவன் சொன்னான்?"

"இவளுக்கும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக. இனி புள்ள வேண்டாம். ஆபரேசன நானே பண்ணிக்கிடுதேன்."

மாமியார் தொட்டிலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "ஆம்பளைக்கு ஆபரேசனா, லே? ஊரு சிரிக்காது? கொள்ளி வைக்க ஆளு வேண்டாமா உனக்கு?"

"ரெண்டு பிள்ளைய இருக்கு. வைக்கும்."

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் சந்தில் நின்றேன். உள்ளே மாமியாரின் அழுகை.

நவம்பர் 14, வியாழன்

காற்றில் முதல் குளிர்ச்சி. ஆபீஸில் குவிந்த வேலை. இரும்பு மாத்திரை இன்னும் என் பையிலேயே கிடக்கிறது. நாளை கொடுக்க வேண்டும்.

மாலை அக்கா போன். மூன்று நாளாக மாமியாருக்கு மகனோடு பேச்சில்லை. சோறு மட்டும் நங்கென்று வைப்பாராம். இன்று காலை திடீரென்று, "அது வலிக்குமாலே?" ஊசி போடுவாக, தெரியாதும்மா என்றாராம் அத்தான். "அப்பப் போ. சந்துல மட்டும் வாயத் தொறக்காத."

சனிக்கிழமை ஆஸ்பத்திரி. அத்தான் போனை வாங்கினார். "கொழுந்தியா, நீ கூட வாரியா? உங்க அக்கா வந்தா அழுவா."

"உங்களுக்கு ஊசின்னா பயம்னு அக்கா சொல்லிட்டா."

"ரெண்டுந்தான்," என்றார்.

தொட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். சின்னவள் எடுத்துக்கொண்டாளாம். மஞ்சள் துணி விரித்து ஒரு உருளைக்கிழங்கைப் படுக்க வைத்து ஆட்டிக்கொண்டிருக்கிறாளாம். போனுக்குப் பின்னால் மாமியாரின் அதட்டல் எனக்கே கேட்டது:

"மெள்ள ஆட்டுட்டி. புள்ள விழுந்துரப்போவுது."