கரைசேர்த்தவர்களைக் கேட்டு வந்த ஆள்

பினாங்கு
ஆவணி 12, 1944

அன்புள்ள மகன் மூர்த்திக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இன்றுவரை சுகம், கோலாலம்பூரில் நீயும் ஒரு குறையில்லாமல் இருக்க முருகன் துணை. தபாலைப் பிரித்துப் படிக்கிறார்களாம், அதனால் ரயிலில் வரும் தவமணி அக்காவின் கையில் இதைக் கொடுக்கிறேன், ஒட்டுப் பிரிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

அப்பா இன்னும் அடங்கவில்லை. காற்றில் படகு கவிழ்ந்தால் அவரும் பின்தெரு சலேஹாவின் புருஷனும் எங்கள் சின்னப் படகு சம்பானை எடுத்துக்கொண்டு ஆட்களைத் தூக்கப் போய்விடுகிறார்கள். போன மாதம் இப்படிப் போன ஒருவரை, கள்ள அரிசிக்காரருக்குக் கூட்டாளி என்று ஜப்பான்காரர் பிடித்துப் போனார்கள், இன்னும் வீடு வரவில்லை. அது தெரிந்தும், செவ்வாய் காலை கெடாவிலிருந்து கள்ள அரிசி ஏற்றி வந்த படகு கவிழ்ந்தபோது இவர்கள் போய் ஒரு பெண்ணை உயிரோடு எடுத்து சலேஹா வீட்டில் ஒளித்து வைத்தார்கள், காய்ச்சலில் பேச்சில்லாமல் கிடந்தாள்.

மறுநாளே சுப்பையா என்று ஓர் ஆள் வாசலுக்கு வந்தான். "அய்யா படகுல போனாராமே, எத்தனை பேரைத் தூக்குனாரு?" என்று கேட்டான். காலில் புதுச் சப்பாத்து, இந்தக் காலத்தில் ஜப்பான்காரரைத் தவிர அதை யார் கொடுப்பார்? அப்பாவுக்கு இழுப்பு, படுக்கையை விட்டு எழும்பவில்லை என்று சொல்லிவிட்டேன். தினமும் வந்தான். மூன்றாம் நாள் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து வைத்தான், ஆசை காட்டி வாயைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று எனக்குப் பயம் கூடிவிட்டது. உண்மையைச் சொல்லப் போன அப்பாவை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். ஐந்தாம் நாள் படியில் உட்கார்ந்து, "பொம்பளை யாராச்சும் கெடைச்சாங்களா, அதை மட்டும் சொல்லுங்கம்மா" என்றான். இவன் அவள் புருஷனாக இருக்குமோ என்று தோன்ற, பின்வழியால் சலேஹா வீட்டுக்கு நடந்தேன். அந்தப் பெண்ணுக்கு அன்றுதான் நினைவு தெளிந்து, பேர் லெட்சுமி என்று சொல்லியிருந்தாள். புருஷனுக்கு என்ன அடையாளம் என்று கேட்டேன். "பேரு சுப்பையா, எடது கையில சுண்டுவிரல் கெடையாதுங்க" என்றாள்.

திரும்பி வந்து, இடது கையைக் காட்டு என்றேன். ஏன் என்று புரியாமலே நீட்டினான். விரல் இல்லை. உன் லெட்சுமி உயிரோடு இருக்கிறாள் என்றேன். புருஷன் என்று சொன்னால் தன்னையும் கூட்டாளி என்று பிடிப்பார்கள் எனப் பயந்து மறைத்தானாம், அப்பா வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து நாள் உன்னை வதைத்துவிட்டேனே என்று நான் அழ, அவன் சொன்னான்: "நீங்க செஞ்சதுதான் சரிங்கம்மா. நாளைக்கு வேற ஆள் இதே மாதிரி வந்து அழுதாலும் சொல்லிடாதீங்க."

அதைக் கேட்ட பிறகும் எனக்கு நிம்மதி இல்லை, மகன். நாளைக்கு வருபவன் புருஷனா, ஒற்றனா என்று நான் எப்படி அறிவேன்? அப்பா இன்று காலையும் சம்பானுக்குத் தார் பூசப் போய்விட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு. கந்தன் உன்னைக் காக்கட்டும். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு, மறக்காதே.

உன் அம்மா
பத்மாவதி