மின்னல் கட்டை

செப். 16, செவ்வாய்

பொது விடுமுறை. விடியலிலிருந்து மழை. துணி காயவில்லை.

ரவி அண்ணனின் இரண்டாவது கீபோர்டு வந்து சேர்ந்தது. இசைக்குழுவில் வாசிப்பவர், இது வீட்டில் சும்மாதான் கிடந்ததாம். இதற்குச் சொந்தக் குரல் கிடையாது. லேப்டாப்பில் செருகினால், எந்தக் கட்டையை அழுத்தினோம் என்று மட்டும் போய்ச் சொல்லும். அதை வைத்து மேடை விளக்குகளைப் போடலாம். போன நவராத்திரி நாட்டிய நாடகத்துக்கு மௌஸைப் பிடித்துக்கொண்டு பொத்தான் தேடினேன். நான் தேடி முடிப்பதற்குள் அசுரன் செத்து, எழுந்து, உள்ளே போய்விட்டான்.

செய்முறை (மறந்துவிடுவேன்): லேர்ன் பொத்தான். பிறகு திரையில் விளக்கு. பிறகு கீபோர்டில் கட்டை. ஒட்டிக்கொள்ளும். சேவ் பண்ணு!!

மெல்ல அழுத்தினால் மங்கல், ஓங்கி அழுத்தினால் பளிச். அதை நிறுத்துகிற இடம் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். பகலெல்லாம் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற கண், வீட்டிலும் ஓய்வில்லை.

கட்டைகளில் டேப் ஒட்டியாயிற்று. மஞ்சள் - கோயில். பச்சை - காடு. சிவப்பு - போர். நீலம் - அம்மன் தனி ஆட்டம். அப்புறம் இரண்டு வெள்ளைக் கட்டை காலி. அதற்கு அடுத்தது மின்னல்.

மின்னல் கட்டையின் மேல் ஒரு காலித் தீப்பெட்டியைக் கவிழ்த்து ஒட்டினேன். கை தவறிக்கூடப் படக்கூடாது. அம்மனாக ஆடப்போவது என் தங்கை மலர்.

செப். 18, வியாழன்

வேலை முடிந்து நேரே, 27-ஆம் தேதி நாடகம் நடக்கப்போகிற லூனாஸ் மண்டபம். யாருமில்லை. வெக்கை.

எல்லா விளக்கையும் சோதித்தேன். அழுத்திப் பிடித்தால் எரியும், விட்டால் அணையும், அப்படித்தான் வைத்திருந்தேன். தீப்பெட்டியைத் தூக்கிவிட்டு மின்னலை அழுத்தியிருந்தபோது கால் பட்டு வயர் கழன்றுவிட்டது. கையை எடுத்தேன். அணையவில்லை. கட்டையை விட்டாயிற்று என்கிற செய்தி லேப்டாப்புக்குப் போகவே இல்லை. மண்டபம் முழுக்க வெள்ளை, இருட்டு, வெள்ளை, இருட்டு. லேப்டாப்பை மூடியும் நிற்கவில்லை. ஆணை வராவிட்டால் தானாகவே மின்னி ஆடுகிற மலிவு லைட். கடைசியில் சுவரில் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் கூலிமில் அந்தக் கல்யாண விருந்து. டிஜே லைட் மின்ன ஆரம்பித்ததும் மலர் கையிலிருந்த தட்டு விழுந்தது. பிறகு அவளும். வாயில் நுரை, நாக்கில் ரத்தம். அம்மா சேலையை விரித்து மறைத்துக்கொண்டே, "மயக்கம்தான், சாப்பிடல, சாப்பிடல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வலிப்பு என்று டாக்டர் சொன்னது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. மின்னுகிற வெளிச்சம் ஆகவே ஆகாது.

ஒரு தட்டுக்கு எரியும், மறுதட்டுக்கு அணையும் என்று மாற்றிவிட்டேன். வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டினேன்.

செப். 20, சனி

விழாக் குழுத் தலைவர் ஐயாவிடம் போனேன். மின்னல் வேண்டாமே என்றேன்.

"அம்மன் வரப்ப மின்னல் இல்லாம என்னம்மா நவராத்திரி? சனம் என்ன சொல்லும்?"

பேரம் பேசி, அசுரன் படை வருகிற காட்சியில் மட்டும் என்று இறக்கினேன். அப்போது மலர் ஒப்பனை அறையில், கதவு சாத்தி.

சாயங்காலம் கரங்கானில் உடை தைக்கக் கொடுத்ததை வாங்க நானும் மலரும் காடியில் போனோம், நான்தான் ஓட்டினேன். தாழ்ந்த வெயில். ரப்பர் தோட்டத்தின் பால்மர வரிசைக்கு நடுவில் சூரியன் மின்னி மின்னி வரும். மலர் பழக்கமாகவே கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே பேசினாள்.

"பெண்டாங்ல இருந்து குணா வீட்டுலயும் வராங்க கா. ரெண்டாவது வரிசை."

குணா அவளுக்குப் பார்த்திருக்கும் பையன். நெல் ஆலையில் வேலை. நான் இன்னும் பார்த்ததில்லை.

"சொல்லிடலாம் மலரு. பின்னால தெரிஞ்சா இன்னும் மோசம்."

"நீங்க ஒன்னும் பேசாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு மடியில் தங்கச்சி.

வாங்க வேண்டியது: டேப் இரண்டு சுருள். அம்மாவுக்குத் தைலம். மலர் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

செப். 25, வியாழன்

ஒத்திகை. 

டீ குடித்துவிட்டு வந்ததும் முதல் காட்சி, அம்மன் தனி ஆட்டம். நீலத்தை அழுத்தினேன். மின்னல் வந்தது. தீப்பெட்டி ஒட்டினபடி அப்படியே இருக்கிறது. மேடையில் மின்னல். நடுவில் மலர்.

தீப்பெட்டியைப் பிய்த்து எறிந்து மின்னல் கட்டையை அழுத்தினேன். நிற்கவில்லை. மறுபடி. நிற்கவில்லை. நீலத்தையே இன்னொரு தட்டு தட்டியிருந்தால் நின்றிருக்கும், அது இப்போது தெரிகிறது. ஓடிப்போய்ப் ப்ளக்கைப் பிடுங்கினேன். ஐந்து நொடியா, பத்து நொடியா, தெரியாது.

மலர் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்தி, தலையைச் சாய்த்து, கால் மட்டும் தாளம் தப்பாமல். வெளிச்சம் மின்னினால் உடனே ஒரு கண்ணைப் பொத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடன ஆசிரியை கை தட்டினார்.

"நல்லா இருக்கு மலர்! அந்த போஸை அப்படியே வச்சுக்கோ!"

காரணம் ரவி அண்ணன். நல்ல மனுஷன்.

"பாடுற பொண்ணு சுருதி பத்தலன்னுச்சும்மா. என் கீபோர்டை ஏத்தினேன், அப்படியே இதையும் ஏத்திட்டேன். ரெண்டும் ஒரே சுருதியில நிக்கணும் லா. இருவது வருசப் பழக்கம்."

ஐந்து சுரம் ஏற்றியிருக்கிறார். நீலத்திலிருந்து கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து எண்ணினால் ஐந்தாவது மின்னல். நான் அழுத்தியது நீலம், லேப்டாப்புக்குப் போனது மின்னல். மூலையில் சின்னத் திரையில் +5 என்று போட்டிருந்தது. நான் பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் மயிரிழை விரிசல் கண்டுபிடிக்கிறவள் நான்.

"சாரி மா. லைட்டுதானே, விடு லா" என்றார். அவருக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு வந்து மலர் வாந்தி எடுத்தாள். வலிப்பு வரவில்லை. தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று மூன்று முறை போய்ப் பார்த்தேன்.

செப். 26, வெள்ளி

விடுமுறை. இங்கே வெள்ளி, சனிதான் வார ஓய்வு. காலையில் பசியாறவில்லை. தோசை அப்படியே தட்டில்.

முடிவு: மின்னல் கட்டையை அழித்தாயிற்று. அந்தக் கட்டை இனி ஊமை. ஆனால் லைட்டுக்கு மின்சாரம் வந்தாலே போதும், தானாக ஆடும். கழற்றி இறக்கலாமென்றால் விளக்கு மாட்டிய ஏணிக்காரர் போய்விட்டார், தலைவர் கண்ணுக்கும் அது மேலே தெரிய வேண்டும். அதனால் ப்ளக்கைப் போடமாட்டேன். கேட்டால் ஃபியூஸ் போய்விட்டது என்பேன். இந்த வயதில் பொய்.

இப்போது புதுப் பயம். ப்ளக் மேடைக்குப் பக்கத்தில், சுவரோரம். என் மேசை மண்டபத்தின் கடைசியில். போன் சார்ஜ் போட இடம் தேடுகிற சனம் நம் சனம். யாராவது நல்ல மனசோடு, "இது கழண்டு கெடக்கு" என்று எடுத்துச் செருகிவிட்டால்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தெரிகிறது. தெரிந்தும் என்ன.

மலர் தொங்கல் காதணியைக் காணோம் என்று வீட்டைப் புரட்டுகிறாள். அவளுக்கு அதுதான் கவலை.

செப். 28, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. வேலைக்குக் கிளம்புமுன் எழுதுகிறேன். வெயில்.

நேற்று ஆரம்பிக்க அரை மணி நேரம் இருந்தது. சுருதி பூஜ்யமா என்று பத்தாவது முறை பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, ஒல்லி, நெற்றியில் வேர்வை. ஒருவர் மேசைக்கு முன் வந்து நின்றார்.

"அக்கா, நான் குணா. பெண்டாங்."

எழுந்து நின்றுவிட்டேன்.

"அந்த மின்னல் லைட்டோட ப்ளக்கு எது கா?"

 ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"மலர் மொத வாரமே சொல்லிட்டாங்க. ஒத்திகையில நடந்ததையும் சொன்னாங்க. எனக்குத் தெரியும்னு உங்ககிட்ட காட்டிக்க வேணாம்னாங்க. தெரிஞ்சா, நான் கல்யாணத்த நிறுத்திடுவேன்னு அக்கா அதுக்கு வேற பயப்படுவாங்களாம்."

கழுதை. என்னிடமே சத்தியம் வாங்கினாளே.

"உங்க அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கும் தெரியும் கா. ரெண்டு நாளு பேசல. இன்னிக்கு வந்துட்டாங்க."

கையை நீட்டிச் சுவரைக் காட்டினேன். போனார். இரண்டாவது வரிசையில் அவர் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி கடைசி வரை காலி.

அசுரன் படை வந்தது. மின்னல் இல்லை. தலைவர் முதல் வரிசையிலிருந்து திரும்பி என்னை முறைத்தார். ஃபியூஸ் என்று கையால் காட்டினேன். நீலம் அழுத்தினேன், நீலம்தான் வந்தது. மலர் ஆடினாள். அந்த ஒரு கண் பொத்துகிற போஸும் வைத்தாள், சனம் கை தட்டியது. நான் மலரைப் பார்த்தது பாதி, சுவரைப் பார்த்தது பாதி. யாரோ ஒரு அம்மா சார்ஜரோடு வந்ததும், அங்கே நின்றிருந்த குணா தலையாட்டித் திருப்பி அனுப்பியதும் தெரிந்தது.

முடிந்ததும் மலர் ஒப்பனை கலைக்காமல், சலங்கையோடு இறங்கி நேரே அவரிடம் போனாள். வயர் சுற்றுகிற சாக்கில் நானும் போனேன்.

"எப்படி ஆடினேன்?"

அவர் கையில் ப்ளக் இன்னும் இருந்தது.

"பாக்கலங்க. இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."