சும்மா உட்கார்ந்ததற்கு விழுந்த வேப்பிலை அடி

ஆசை மாமாவுக்கு,

ஆசை என்று கை தானாக எழுதிவிட்டது. கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. பிரிவு தாங்காமல் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. திட்டத்தான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை பேசவிட்டாயா நீ?

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். ஆனாலும் காலையில் ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறேன். வண்டி ஏறுவதில்லை. பிளாட்பாரச் சுவரில் காலேஜ் பிள்ளைகள் படம் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏரி, நாற்று, கொக்கு என்று வழக்கமான சமாச்சாரம். முதல் நாள் விரலால் தடவிக்கொண்டே போனேன். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் இரும்புப் பெட்டிக்குப் பெயிண்ட் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்த கை சும்மா இருக்குமா? இங்கே வழிந்திருக்கிறது, இங்கே தடித்திருக்கிறது, எல்லாம் ரிஜெக்ட் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளை மேல் விரல் நின்றது. குடம் இருக்கும், கதிர்க்கட்டு இருக்கும், இடுப்பில் பிள்ளையாவது இருக்கும் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளை எழுப்பவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது மாமா. நீ செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

ஞாபகம் இருக்கிறதா உனக்கு? ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்து, வயலில் மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். அடுப்பு பற்றவைக்கவில்லை. "இன்னாடி, கூப்ட்டுக்கினே கீறேன், பேய் புடிச்சா மாரி குந்திக்கினு கீற?" என்றாய். அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரி முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்து வேப்பிலையால் அடிக்கவிட்டாய். எட்டு வயசு சேகர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் முப்பது வருஷம் கையில் வேலை இல்லாமல் நான் உட்காரவே இல்லை. சீரியல் பார்க்கும்போதுகூட பூண்டு உரித்தேன்.

இப்போது தினமும் அந்தச் சுவருக்கு எதிரே பெஞ்சில் உட்காருகிறேன். ஸ்டேஷனில் உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். யாரோ சேகரிடம் போய் வத்தி வைத்துவிட்டார்கள். போன வாரம் சோறு போடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"யம்மா, நீ ஸ்டேஷன்ல சொவுத்த பாத்து அழுவுறியாமே. வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போலாம். அன்னிக்கி நைனா இட்டுக்கினு போச்சே, அதே எடம்."

உன் குரலேதான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"போலாம்டா. ஆனா பூசாரி வாணாம். நீயே அடி" என்றேன்.

அவன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அப்போ அன்னிக்கி உனுக்கு நெஜமாவே பேய் புடிக்கலியா?"

"இல்லடா. மழ பாத்துக்கினு இருந்தேன்."

"நைனா புடிச்சிகிச்சின்னு சொல்லுச்சே. உன் பக்கத்துல படுக்காதன்னும் சொல்லுச்சே."

அடப் பாவி. பிள்ளை திடீரென்று தள்ளிப் படுத்தபோது, வளர்ந்துவிட்டான் என்றல்லவா நான் பெருமைப்பட்டேன். இந்த முப்பது வருஷமும் நான் பெற்ற பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்துகொண்டே என் கையால் சாப்பிட்டிருக்கிறான். அடி வாங்கியதை மறந்துவிடலாம். இதற்கு என்ன செய்யச் சொல்கிறாய்?

வருஷா வருஷம் உனக்குப் படையல் போடுவேன். அது சேகருக்காக. உனக்கென்று நான் கொடுக்கும் வாக்கு ஒன்றுதான். நாளைக்கு நானும் அங்கே வந்து, நீ எதிரே நின்று கையெடுத்துக் கும்பிட்டாலும் மன்னிக்கமாட்டேன்.

உன் பெண்டாட்டி என்று போட மனசில்லை,
சேகருக்கு அம்மா