சுவரில் சாய்ந்த ஏணி

என் வீட்டுக்காரிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே சண்டை என்று செய்தியில் பார்த்துப் பயப்படாதே. போன வாரம் பட்டாளத்துக்காரர்கள் வந்து, கட்டட வேலையை நிறுத்தி, கொத்தனார்களையெல்லாம் பாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். அன்று சாயங்காலமே எதிரி வந்துவிடுவானாம். அதற்குள் மண்மூட்டையால் சுவர் எழுப்பிச் சாலையை மறிக்க வேண்டும். நான் பழக்கதோஷத்தில் நூல் கட்டி, தூக்குக்குண்டு பிடித்து அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

“யோவ், மாளிகையா கட்டுற? சீக்கிரம் போடுய்யா!” என்று மேஸ்திரி கத்தினார்.

அப்புறம் கொஞ்சம் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அடங்கியதும் பார்த்தால் மற்றவர்கள் போட்டதெல்லாம் சரிந்து கிடந்தது. என் பகுதி அசையவில்லை. எல்லோரும் அதன் பின்னால்தான் படுத்திருந்தோம், மேஸ்திரியும்தான்.

அது கிடக்கட்டும். மாடித் தொட்டிக் குழாயை எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் சரிசெய்தார், தங்கமான மனுஷன் என்று எழுதியிருந்தாய். எலெக்ட்ரீஷியனுக்குக் குழாயில் என்ன வேலை? நீ அனுப்பிய படத்தில் வாய் நிறையச் சிரிக்கிறாய். பின்னால் நம் சுவரில் அவன் ஏணி. படம் எடுத்தது யார்?

குளிருக்குக் கழுத்தில் சுற்ற உன் பழைய துப்பட்டா ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

வண்டி வந்துவிட்டது. மறுபடியும் பாலத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள். நான் வரும்வரை குழாய் ஒழுகினால் ஒழுகட்டும். அந்த ஏணியை மட்டும் இன்றைக்கே எடுத்துப்போகச் சொல்.

உன் கொத்தனார்