பாய்மரத்தில் ஏறிய நாள்

செவ்வாய்க்கிழமை, நடுக்கடல்.

இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

மொரீஷியஸுக்குப் போகும் இந்தச் சின்னப் பாய்மரப் படகில் கேப்டன், என் வீட்டுக்காரர் சேகர், சமையலுக்கு வந்த நான் என்று மூன்றே பேர். காலையில் பெரிய பாயைத் தூக்கும் கயிறு கழன்று ஓடி, பாய்மரத்தின் உச்சியில் சிக்கிக்கொண்டது. டீசலும் குறைவு. பாய் இல்லாமல் கரை சேர முடியாது. யாராவது மேலே போய்த்தான் ஆக வேண்டும்.

"நீ போவாத, நான் போறேன்," என்றார் சேகர்.

"உன்ன இழுக்க எங்களால ஆவுமா மாமா? மூணு பேர்ல நான்தான் லேசு. நீ கயித்த புடிச்சிக்கினு இரு, போதும்."

உத்திரமேரூரில் மாடி ஏணிக்கே பயந்தவள் நான். மர உச்சி வழியாக வரும் இன்னொரு கயிற்றை இடுப்பில் கட்டி இருவரும் என்னை மேலே இழுத்தார்கள். படகு லேசாகச் சாய்ந்தாலும் அங்கே ஆளைத் தூக்கி வீசுகிறது. மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"எறக்கட்டுமாடி?"

"வேணாம், இன்னும் இழு!"

சிக்கிய கயிற்றைப் பிடித்து இடுப்பில் முடிந்துகொண்டதும் மெல்ல இறக்கினார்கள். கால் படகின் தளத்தில் பட்ட பிறகும் சேகர் கயிற்றை விடவில்லை.

"மாமா, நான் வந்துட்டேன். வுடு."

"இரு, கொஞ்ச நேரம்," என்றார். அவர் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

மதியம் பாய் ஏறியது. நல்ல காற்று. இப்போது கையில் துணி சுற்றிக்கொண்டு சேகர் சுக்கான் பிடிக்கிறார். கயிறு மறுபடியும் சிக்கினால் மறுபடியும் ஏறுவேன். ஏறுவேன் என்றுதான் நினைக்கிறேன்.